பீட்டர் எல்லிஸின் பின்பக்கச் சுவரையும் காட்டுங்கள்

கட்டடக்கலை வரலாறு நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வானளாவிகளைப் பற்றிய பாடம் பெரும்பாலும் சிகாகோவில்தான் தொடங்குகிறது. 1885இல் முடிந்த ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம், அப்புறம் மற்றவை. லிவர்பூலைச் சேர்ந்த பீட்டர் எல்லிஸ் (1805–1884) தலைகாட்டினால் அதுவும் ஒரு சோகக் கதையோடுதான்: லிவர்பூலில் ஓரியல் சேம்பர்ஸ் என்ற அலுவலகக் கட்டடத்தைக் கட்டினார், பத்திரிகை கிழித்துத் தொங்கவிட்டது, மனம் நொந்து ஒதுங்கிவிட்டார்.

திட்டு வாங்கியது உண்மை. ஓரியல் சேம்பர்ஸின் ஜன்னல்களைப் புடைத்த கண்ணாடிக் குமிழிகள் என்று 1866இல் ‘தி பில்டர்’ இதழ் நக்கலடித்தது. ஆனால் 1864இல் அந்தக் கட்டடம் எழுந்தபோது எல்லிஸுக்கு அறுபதை நெருங்கும் வயது. சொந்த ஊரிலேயே கட்டடக் கலைஞராகவும் சர்வேயராகவும் தொழில் செய்துவந்தவர். முதல் அடியிலேயே சுருண்ட இளம் மேதை வேஷம் அவருக்குப் பொருந்தாது. திட்டு விழுந்த அதே 1866இல் குக் ஸ்ட்ரீட் 16ஆம் எண் கட்டடம், முற்றத்தில் கண்ணாடி போர்த்திய சுழல்படியோடு. நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் பேட்டர்நாஸ்டர் லிஃப்டும் அவர் யோசனைதான். ஒதுங்கியவர் செய்கிற வேலையா இது?

சோகக் கதையால் முக்கியமான விஷயம் மறைந்துபோகிறது. ஓரியல் சேம்பர்ஸின் வாட்டர் ஸ்ட்ரீட் முகப்பில் ஒல்லியான கல் தூண்களுக்கு நடுவே கண்ணாடி ஜன்னல்கள் வெளியே தள்ளி நிற்கின்றன. மின்விளக்கு இல்லாத காலத்தில் கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிய குமாஸ்தாவுக்குப் பக்கவாட்டிலிருந்தும் வெளிச்சம் வரவேண்டும் அல்லவா? அதற்காகத்தான். படம் போடும் எல்லோரும் இந்த முகப்போடு நிறுத்திவிடுகிறார்கள். முற்றத்துப் பக்கம் போனால்தான் எல்லிஸின் துணிச்சல் தெரியும். வார்ப்பிரும்புத் தூண்கள் உள்ளே தள்ளி நிற்கின்றன; தளம் அவற்றைத் தாண்டி வெளியே நீள்கிறது; அந்த விளிம்பில் கண்ணாடி. எடையெல்லாம் தூணுக்கு. சுவருக்கு வேலை மழையையும் காற்றையும் தடுப்பது மட்டும். பின்னால் வந்த வானளாவிகளின் அடிப்படையும் இதுதான்.

பின்னாளில் சிகாகோவில் கட்டடக் கலைஞராகப் பெயர் பெற்ற ஜான் வெல்பார்ன் ரூட், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது சிறுவனாக லிவர்பூலில் இருந்தார். இதைப் பார்த்துத்தான் கற்றார் என்று சிலர் முடிச்சுப் போடுகிறார்கள். அது வெறும் ஊகம், பாடத்தில் வேண்டாம். எல்லிஸுக்குச் சிகாகோவின் சிபாரிசு தேவையில்லை.

கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது முகப்புப் படத்தோடு முற்றத்துப் படத்தையும் போடுங்கள். குறுக்குவெட்டை மாணவர்களையே வரையச் சொல்லி, எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு பழைய மாணவன்