நத்தம் கடைவீதி வியாபாரிகள் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், அரை நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான நடவடிக்கைகளை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. முகூர்த்த நெருக்கடியில் ஒரு கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. மாசித் திருவிழாவுக்கு மாரியம்மன் கோயில் வழியில் நீர்மோர்ப் பந்தல் போட்டோம். தெருவிளக்குக் கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு கூட்டத்துக்குக் கூட்டம் அடிபட்டது விடுமுறை விவகாரம்தான். ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நாளில் ஆரம்பித்தது. தீபாவளி அக்டோபர் 31 வியாழன். மறுநாள் வெள்ளியும் விடுமுறை என்றார்கள், அதற்கு ஈடாக நவம்பர் 9 சனிக்கிழமை வேலை நாள். பொங்கலுக்கும் இதே கதை. ஜனவரி 14, 15, 16 பட்டியலில் இருந்தவை. 17ஆம் தேதி பிறகு சேர்ந்தது, ஈடு 25ஆம் தேதி சனிக்கிழமை. ஆக, 18, 19 சனி ஞாயிறும் சேர்த்து ஆறு நாள் தொடர்ச்சி. நாம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த தினக்காட்டியில் 17ஆம் தேதி கறுப்பாகவே இருக்கிறது.

தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் அன்று வழக்கம்போல் ஒன்பதுக்குக் கடை திறந்தார். மிஷினைத் துடைத்தார். மதியத்துக்குள் வந்தது மூன்று பேர். அதில் ஒருவர் சில்லறை கேட்டு வந்தவர். பக்கத்து டீக்கடையில் காலையில் வாங்கிய பால் திரிந்துபோனது. சரி, 25ஆம் தேதி ஈடாகிவிடும் என்று இருந்தார்கள். ஆபீஸ் திறந்திருந்தது, ஊழியர்களும் வந்தார்கள். மனு கொண்டுவரும் ஜனம் வரவில்லை. சனிக்கிழமை ஆபீஸ் உண்டு என்று கிராமத்தில் யாருக்குத் தெரியும்? அரசுக்கு அந்த நாள் ஈடானது, நமக்கு இரண்டு நாளும் போனது.

தையல் கூடங்களை நம்பியிருக்கும் மளிகைக் கடைகளுக்கு அடி வேறு விதம். சட்டை தைப்பவர்களுக்குப் பீஸ் கணக்கில் கூலி. தைக்காத வாரத்துக்குச் சனிக்கிழமை சம்பளம் ஏது? கடன் நோட்டில் பக்கம்தான் கூடியது.

எல்லோருக்கும் நஷ்டம் என்று சொன்னால் கறிக்கடைக்காரர்களும் பேக்கரிக்காரர்களும் சிரிப்பார்கள். விடுமுறை கூடக் கூட அவர்களுக்கு நல்லது. அதனால்தான் “புது விடுமுறையே வேண்டாம்” என்ற தீர்மானம் செயற்குழுவில் நிறைவேறவில்லை. அப்படி ஒரேயடியாகச் சொல்லக்கூடாது என்பதே என் கருத்தும்.

தைப்பூசம் தனிக்கதை. 2021 ஜனவரியில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்து, அந்த ஆண்டிலிருந்து அரசு விடுமுறையானது. நம் ஊருக்குப் பூசம் என்பது அன்றைய தினம் இல்லை. காரைக்குடிப் பக்கமிருந்து பழனிக்குப் போகும் காவடிகளும் பாதயாத்திரைக்காரர்களும் நாலைந்து நாள் முன்பே நம் வீதியைக் கடந்துவிடுகிறார்கள். செருப்பு, டார்ச், வலித் தைலம், குளுக்கோஸ் எல்லாம் விற்பது அப்போதுதான். பிப்ரவரி 11 செவ்வாயன்று, விடுமுறை நாளில், வீதியில் நாய்கூட இல்லை. கடைப் பையன்களும் மாலை போட்டுப் போய்விடுகிறார்கள் என்பது வேறு.

முந்தின ஆண்டு இன்னும் மோசம். 2024 ஜனவரி 25 பூசம், 26 குடியரசு தினம், 27 நாலாவது சனி, 28 ஞாயிறு. நான்கு நாள் வங்கி இல்லை. கல்லாப்பணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்த நான்கு நாளும் கடனுக்குத் தினத் தவணை வசூலிக்கும் தண்டல்காரர் மட்டும் தவறாமல் வந்தார்.

சட்டம் பற்றி உறுப்பினர்களிடம் இருக்கும் குழப்பத்தையும் சொல்லவேண்டும். அரசுப் பட்டியலில் இருக்கும் எல்லா நாளும் கடையைப் பூட்டவேண்டும் என்பதில்லை. 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஊழியருக்குச் சம்பளத்தோடு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு பண்டிகை நாள் ஐந்து, ஆக 9. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் சம்பளத்தோடு மாற்று விடுப்பு. தொழிலாளர் துறையின் ஆகஸ்ட் 15 சோதனையில் நம் உறுப்பினர் ஒருவருக்கு நோட்டீஸ் வந்தது. அவர் பையனுக்கு இரட்டைச் சம்பளம் கொடுத்துத்தான் இருந்தார், எழுதி வைக்கவில்லை. பதில் எழுத சங்கம் உதவியது. இனி சம்பள நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கூடுதல் விடுமுறை விடுவதாக இருந்தால் ஆண்டுப் பட்டியலிலேயே சேர்த்து வெளியிட வேண்டும், ஈடு வேலை நாளைக் கிராமங்களில் தண்டோரா போட்டாவது தெரியப்படுத்த வேண்டும் என்று மனு கொடுத்தோம். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். பதில் இல்லை. தண்டல்காரர்களிடமும் பேசினோம், பொங்கல் ஒரு நாள் மட்டும் விட்டுத்தர ஒப்புக்கொண்டார்கள், மறுநாள் இரண்டு தவணையாக.

ஐந்து பண்டிகை நாட்களில் பூசத்தைச் சேர்ப்பதா என்பதில் பேருந்து நிலையக் கடைகளும் தாலுகா ஆபீஸ் கடைகளும் ஒத்துப்போகவில்லை. அவரவர் ஊழியர்களைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று விட்டிருக்கிறோம். இன்னும் பட்டியல் தராதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும். படிவம் கையிலேயே இருக்கிறது.