சதுரங்கப் பிரிவு: ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம். மும்பை செம்பூரில் இயங்கும் நம் தமிழ்ச் சங்கத்தின் சதுரங்கப் பிரிவு சென்ற ஆண்டில் செய்த பணிகளை உங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

வழக்கமான வேலைகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மழையில் ஹார்பர் லைன் நின்றுபோன நாட்கள் நீங்கலாக ஞாயிறு வகுப்புகள் நடந்தன. பொங்கலை ஒட்டிய விரைவு ஆட்டப் போட்டியும் குறைவின்றி முடிந்தது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டின் புது முயற்சி மாதந்தோறும் நடத்திய ‘துணுக்கு மாலை’தான். கூட்டம் சேர்த்ததும் அதுவே, தகராறு கிளப்பியதும் அதுவே. ஆகவே அறிக்கையின் பெரும்பகுதி அதற்கே போகிறது.

துணுக்கு மாலைக்குச் செயற்குழு விதித்த விதி ஒன்றுதான். யார், யாரோடு, எந்த ஊரில், எந்த ஆண்டில், எத்தனையாவது நகர்வில் என்ற ஐந்துக்கும் பதில் இருந்தால்தான் கதை மேடையேறும். தெனாலிராமன் கதை பீர்பால் பெயரில் உலவுவதுபோல, சதுரங்க நகைச்சுவைகளும் ஆள் மாறி ஊர் மாறி அலைகின்றன. பழைய உலகச் சாம்பியன் ஸ்டைனிட்ஸ் கடவுளுக்கே ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்து ஆடுவேன் என்றாராம்; இன்னொரு பழைய மேதை நிம்சோவிச் எதிராளி பற்ற வைக்காத சுருட்டைப் பார்த்தே நடுவரிடம் ஓடினாராம். இரண்டும் கேட்க இனிப்பவை. ஆனால் பலகையில் வைத்துக் காட்ட ஒரு காய்கூட இல்லை. ஆகவே இரண்டையும் நிராகரித்தோம். சிலருக்கு வருத்தம்தான்.

பாதி தேறிய கதையும் உண்டு. 1912, ப்ரெஸ்லாவ், இன்று அது போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப். லெவிட்ஸ்கிக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் ஆடிய ஃப்ராங்க் மார்ஷல் 23ஆவது நகர்வில் ராணியை ஜி3 கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார் (பலகையின் நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்). அந்த ராணியை மூன்று விதமாக வெட்டலாம். எச் சிப்பாயால் வெட்டினால் குதிரை இ2க்கு வந்து உடனே மேட், அதாவது ராஜா தப்ப வழியின்றி ஆட்டம் முடியும். எஃப் சிப்பாயால் வெட்டினால் அதே குதிரை செக் (ராஜாமீது தாக்குதல்), ராஜா மூலைக்கு ஒதுங்கியதும் யானை எஃப்1இல் இறங்கி மேட். ராணியால் வெட்டினால் குதிரை செக் கொடுத்து அந்த ராணியைத் தூக்கிக்கொண்டு ஒரு காய் மிச்சத்தோடு திரும்பிவிடும். லெவிட்ஸ்கி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். இதுவரை சந்தேகமில்லை. பார்வையாளர்கள் பலகைமீது தங்கக் காசு பொழிந்தார்கள் என்பதுதான் வழக்கு. அது மார்ஷல் தாமே எழுதியது. பந்தயத்தில் தோற்றவர்கள் வீசிய பணம் என்பாரும் உண்டு. ஆகவே நகர்வைப் பலகையில் காட்டி, காசுக் கதையை ‘மார்ஷல் கூற்று’ என்று சொல்லியே அரங்கேற்றினோம்.

அதே 1912இல் லண்டனில் நடந்த எட்வர்ட் லாஸ்கர் – ஜார்ஜ் தாமஸ் ஆட்டத்துக்கு ஒரு மாலை முழுவதும் போனது. முதல் சிக்கல் பெயரில். இவர் எட்வர்ட், 1894 முதல் 1921 வரை உலகச் சாம்பியனாக இருந்தவர் இமானுவேல். இருவரும் 1924 நியூயார்க் போட்டியில் எதிரெதிரே ஆடியும் இருக்கிறார்கள், ஆகவே குழப்பம் தீர வழியில்லை. விநாடி வினாத் தாளில் வெறும் ‘லாஸ்கர்’ என்று எழுதக்கூடாது.

ஆட்டம் இதுதான். 11ஆவது நகர்வில் வெள்ளை ராணி எச்7இல் சிப்பாயை வெட்டித் தன்னைக் கொடுக்கிறது, ராஜா வாங்குகிறார். அடுத்து இ4 குதிரை எஃப்6இல் வெட்டுகிறது. இங்கேதான் விளக்குபவர்கள் தடுமாறினார்கள். குதிரை நகர்ந்ததும் பின்னால் டி3இல் நிற்கும் மந்திரியின் வழி திறக்கிறது. இது இரட்டைச் செக். குதிரையை ஜி சிப்பாயால் வெட்டினாலும் மந்திரியின் செக் மிஞ்சும். அதனால் ராஜா ஓடியே ஆக வேண்டும். எச்8க்குப் போனால் மற்றக் குதிரை ஜி6இல் மேட். ஆகவே எச்6, ஜி5, எஃப்4, எஃப்3, ஜி2, ஜி1 என்று எதிரியின் வீட்டுக்குள்ளேயே நடக்கிறார். 18ஆவது நகர்வில் வெள்ளை ராஜா இ1இலிருந்து டி2க்கு விலக, ஏ1 யானையின் பாதை திறந்து மேட். அந்த இடத்தில் ராணிப் பக்கம் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்துவது) செய்தாலும் மேட்தானே என்று ஒரு சிறுமி கேட்டாள். சரிதான். அதைவிட வேகமான மேட்டும் நடுவில் ஒன்று இருக்கிறது. 14ஆவது நகர்வில் எச் சிப்பாயை விட்டு எஃப் சிப்பாயை உந்திப் பாருங்கள்.

காட்சிப் பலகையில் விளக்குபவர்களுக்கு இரண்டு குறிப்புகள். வெள்ளையின் வலது கைப்பக்க மூலைக் கட்டம் வெள்ளையாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தப்பாக மாட்டினால் ராஜாவும் ராணியும் இடம் மாறி, மேலே சொன்ன ஆட்டம் பாதியில் நின்றுவிடும். இரண்டாவது, பலி நகர்வுக்கு முந்திய நிலையில் நிறுத்தி, ஒவ்வொரு காயையும் கட்டத்தின் பெயரோடு உரக்கச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். பின்வரிசையில் இருப்பவருக்கு டி3 மந்திரி தெரியாது.

காஸ்லிங் என்றதும் வந்து சேர்ந்தவர் கோர்ச்னாய். 1974, மாஸ்கோ, கார்ப்போவுடன் கேண்டிடேட்ஸ் (உலகச் சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) இறுதி, 21ஆவது ஆட்டம். யானை தாக்குதலில் இருக்கும்போது காஸ்லிங் செய்யலாமா என்று நடுவர் ஓ’கெலியிடம் எழுந்துபோய்க் கேட்டார். செய்யலாம் என்றார் நடுவர், செய்தார், 19 நகர்வில் வென்றார். உலகப் பட்டத்துக்கு அடுத்த படியில் இருந்தவர் கேட்ட கேள்வி அது! 1960இல் அடிலெய்டில் ஆவெர்பாக்கும் இதே இடத்தில் சறுக்கினார். பர்டி ராணிப் பக்கம் காஸ்லிங் செய்ததும், யானை தாக்குதல் கட்டத்தைத் தாண்டுகிறதே என்றார். விதி ராஜாவுக்கு மட்டுமே. ராஜா செக்கில் இருக்கக்கூடாது, கடக்கும் கட்டமும் சேரும் கட்டமும் தாக்கப்படக்கூடாது. யானைக்கு அந்தக் கவலை இல்லை. நம் ஞாயிறு வகுப்பில் அடிக்கடி வரும் சண்டையும் இதுவே என்பதால் விதியை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

ஆனந்தின் 6 நகர்வுத் தோல்வியைச் சொல்லலாமா என்று சிலர் தயங்கினார்கள். சொல்லத்தான் வேண்டும். 1988, பீல், எதிரே கொலம்பியாவின் சபாத்தா. பெட்ரோஃப் தற்காப்பு என்ற தொடக்க முறையில் 5ஆவது நகர்வாக ஆனந்த் மந்திரியை எஃப்5இல் வைத்தார்; சபாத்தா ராணியை இ2க்குக் கொண்டுவந்தார்; ஆட்டம் முடிந்தது. இ4 குதிரையின் பின்னால் அதே கோட்டில் ராஜா நிற்பதால் குதிரை அசைய முடியாது. டி5 சிப்பாயால் தாங்கினால் டி3 சிப்பாய் வந்து குதிரையைப் பிடுங்கும். ராணியை இ7இல் வைத்தால் வெள்ளைக் குதிரை டி5இல் ஏறி அந்த ராணியையே விரட்டும். வேடிக்கை என்னவென்றால், 1987இல் சான் பிரான்சிஸ்கோவில் மைல்ஸ் – கிறிஸ்டியன்சன் ஆட்டத்தில் இதே மந்திரி நகர்வு வந்து, மைல்ஸ் ராணியை நகர்த்தாமல் விட, ஆட்டம் சமனில் முடிந்தது. அச்சில் வந்த நகர்வைச் சரிபார்க்காமல் ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது. ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும் அதே 1988தான்.

பிலிப்பைன்ஸின் பாகியோவில் 1978 உலகப் பட்டப் போட்டியில் கார்ப்போவுக்கு வந்த தயிர்க் கிண்ணம் ரகசியக் குறிப்பாக இருக்கலாம் என்று கோர்ச்னாய் தரப்பு புகார் கொடுத்தது, ரெய்க்யவிக்கில் 1972 ஃபிஷர் – ஸ்பாஸ்கி போட்டியில் விளக்கைக் கழற்றியபோது செத்த ஈ இரண்டு கிடைத்தது ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. கைதட்டலோடு கடந்தோம். 2006இல் பான் நகரில் கிராம்னிக் கணினிக்கு எதிரே ஒரே நகர்வு மேட்டைக் கவனியாமல் விட்டது அப்படியல்ல. எச்7இல் இறங்கும் ராணிக்குத் துணை எஃப்8இல் இருந்த குதிரை. பின்னோக்கிப் பாயும் குதிரையைக் கண் தேடுவதில்லை. இந்த நிலையைக் குழந்தைகளுக்குப் பயிற்சித் தாளாகக் கொடுத்தோம்.

மும்பைக்கென ஒரு மாலை ஒதுக்கினோம். ஐரோப்பிய முறைக்கு ஏற்ப எழுதப்பட்ட திருவேங்கடாச்சாரிய சாஸ்திரியின் சதுரங்க நூல் 1814இல் இந்த ஊரில்தான் அச்சானது. காடில்கர் சகோதரிகள் வாசந்தி, ஜெயஸ்ரீ, ரோகிணி மூவரும் இவ்வூர்க்காரர்கள். 1976இல் ரோகிணி ஆண்களுக்கான தேசியப் போட்டியில் ஆட வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. பெண்களைத் தடுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னவர் அன்றைய உலகச் சம்மேளனத் தலைவர் மாக்ஸ் யூவ். 1935இல் அலேகைனை வென்று உலகச் சாம்பியன் ஆனவர் அவர். 1960 லைப்சிக் ஒலிம்பியாடில் நம் மானுவேல் ஆரோனிடம் தோற்றவரும் அவரே.

விநாடி வினாவில் ஒரு முறை பெரிய கூச்சல். ‘மிக இளைய உலகச் சாம்பியன் யார்’ என்பது கேள்வி. குகேஷ் என்பது தாளிலிருந்த விடை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். 14ஆவது ஆட்டத்தில் டிங் லிரென் 55ஆவது நகர்வில் யானையை எஃப்2இல் வைத்துத் தவற, 7.5–6.5. வயது 18. ஆனால் 2002இல் ஃபிடே (உலகச் சம்மேளனம்) நாக் அவுட் பட்டம் வென்ற பொனொமாரியோவுக்கும் அப்போது 18தான், குகேஷைவிடச் சில மாதங்கள் குறைவு. பட்டம் இரண்டாகப் பிரிந்திருந்த காலம் அது. ஆகவே ‘பிளவுபடாத உலகப் பட்டம்’ என்று கேள்வியிலேயே எழுத வேண்டும். அந்தக் கணக்கில் குகேஷுக்கு முந்தியவர் 1985இல் 22 வயதில் வென்ற காஸ்பரோவ். இதே காரணத்தால் ஆனந்தின் பட்டத்துக்கும் 2000 என்றோ 2007 என்றோ ஆண்டு குறிப்பிடாமல் கேட்கக்கூடாது. ‘முதல்’, ‘இளைய’, ‘நீண்ட’ ஆகிய சொற்கள் வரும் கேள்விகளை இருவர் சரிபார்க்க வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்துள்ளது.

காட்சிப் பலகைக் காய்களின் காந்தம் மழைக்காலப் புழுக்கத்தில் பசை விட்டு உதிர்கிறது. புதிதாக வாங்கும்போது காய் செருகும் பைகள் கொண்ட துணிப் பலகையாகப் பார்க்கலாம் என்பது என் பரிந்துரை. கடிகாரங்களைப் பூட்டி வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றும்படி பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வரும் ஆண்டில் துணுக்கு மாலைக்குக் கதை தருபவர்கள் ஆட்டக் குறிப்பை ஒரு வாரம் முன்னதாகக் கொடுக்க வேண்டும். இவற்றுக்கும் இவ்வறிக்கைக்கும் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

செயலாளர், சதுரங்கப் பிரிவு