வரலாற்றுப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றதும் லிங்கன், அடிமை ஒழிப்பு, கெட்டிஸ்பர்க் என்று என் மாணவர்கள் மளமளவென்று சொல்லிவிடுகிறார்கள். பிரிந்துபோன தென் மாநிலங்களின், அதாவது தெற்கின், பொருளாதாரம் எப்படி முடங்கியது என்று கேட்டால் பதில் வருவதில்லை. கடல் முற்றுகைக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

தெற்கின் துறைமுகங்களுக்குக் கப்பல் வராமல் தடுக்கும் முற்றுகையை லிங்கன் அறிவித்தது 1861 ஏப்ரல் 19 அன்று. காக்க வேண்டிய கரை சுமார் 5,600 கிலோமீட்டர். கையில் இருந்த கப்பல்களோ சொற்பம். முற்றுகையை மீறி ஓடிய நீராவிக் கப்பல்களில் பெரும்பாலானவை தப்பியும் விட்டன. அப்படியானால் முற்றுகை தோற்றதா? இந்த இடத்தைத்தான் நிதானமாக விளக்க வேண்டும். தப்பியவை வேகத்துக்காகக் கட்டப்பட்டவை, சரக்கு அதிகம் ஏறாது. பெரிய சரக்குக் கப்பல்கள் வருவதே நின்றுபோனது. தெற்கின் பருத்தியை நம்பியிருந்த பிரிட்டனைப் பணியவைக்கலாம் என்று தொடக்கத்தில் தெற்கத்தியரே பருத்தியை அனுப்பாமல் வைத்திருந்தார்கள். பிறகு விற்க நினைத்தபோது வழியில்லை. சுங்க வருமானம் போனதும் தெற்கு அரசு நோட்டாக அச்சடித்துத் தள்ளியது, விலைவாசி எகிறியது.

கரையோரக் கப்பல் போக்குவரத்து நின்றதால் சுமை முழுவதும் ரயில் தலையில் விழுந்தது. தேய்ந்த தண்டவாளத்தை மாற்ற இரும்பு இல்லை. கிராமத்தில் தானியம் இருந்தாலும் நகரத்துக்கு வந்து சேராது. அப்புறம் உப்பு. அது இல்லாமல் இறைச்சியைப் பதப்படுத்த முடியாது. 1863 ஏப்ரலில் தெற்கின் தலைநகரான ரிச்மண்டின் பெண்கள் பசி தாங்காமல் கடைகளை உடைத்தார்கள். அடிமை முறையைக் காக்கவே தெற்கு போரிட்டது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் முற்றுகையின் அடி ஏழை வீட்டு அடுப்பிலும் விழுந்தது என்பதை மாணவர்கள் படித்தே ஆக வேண்டும்.

முற்றுகை மட்டுமே போரை முடித்தது என்றும் எழுதிவிடாதீர்கள். 1862இல் நியூ ஆர்லியன்ஸ் பிடிபட்டதும், 1865 ஜனவரியில் ஃபிஷர் கோட்டை விழுந்து அது காத்துவந்த வில்மிங்டன் துறைமுகம் அடைபட்டதும் சேர்ந்துதான் முற்றுகையை இறுக்கின.

நம் ஊர்க் கதையும் இதில் இருக்கிறது. அமெரிக்கப் பஞ்சு வராததால் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின. திருநெல்வேலிக் கரிசல் பருத்திக்கும் விலை ஏறியது. போர் முடிந்ததும் சரிந்தது.

ஒரு வரைபடமும் சேருங்கள். வில்மிங்டன், முற்றுகையை மீறிய கப்பல்கள் வந்துபோன பஹாமாஸ் துறைமுகமான நசாவ், லிவர்பூல், தூத்துக்குடி நான்கும் ஒரே படத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்