பெட்டியில் 4கே, மஞ்சள் பின்னில் 576

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வார இணைப்பில் டிவி வாங்குவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்டெபிலைசர், வாரண்டி, சுவரில் மாட்டும் உயரம் பற்றியெல்லாம் எழுதியிருந்தது நல்ல விஷயம். ஆனால் ‘4கே என்றால் ஃபுல் எச்டியைவிட நான்கு மடங்கு தெளிவு; 32 இஞ்ச் வாங்குகிறவர்கள்கூட 4கே பார்த்தே வாங்குங்கள்’ என்று முடித்திருந்தாரே, அதை அப்படியே விட மனசு வரவில்லை. அம்பாசமுத்திரத்தில் பிக்சர் டியூப் காலத்திலிருந்து டிவி பழுது பார்த்து வருகிறேன். இந்த மாதிரி யோசனையைக் கேட்டு வாங்கியவர்கள் கடைசியில் வந்து நிற்பது என் கடை வாசலில்தான். ‘அண்ணாச்சி, புது டிவியில படம் மங்கலா இருக்கு, பழசே தேவலை’ என்பார்கள். போய்ப் பார்த்தால் டிவியில் ஒரு பழுதும் இருக்காது.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். டிவிப் படம் என்பது குட்டிக் குட்டிப் புள்ளிகளின் கூட்டம். எச்டி என்று ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகளில் சின்னது 1280க்கு 720, அதாவது அகலத்தில் 1280 புள்ளி, உயரத்தில் 720 வரி. மொத்தம் ஒன்பது லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். ஃபுல் எச்டி 1920க்கு 1080, அதாவது சுமார் 20.7 லட்சம். டிவியில் 4கே என்பது 3840க்கு 2160, சுமார் 83 லட்சம். ஆக, புள்ளிகள் நான்கு மடங்கு என்பது உண்மைதான். அகலத்தில் இரண்டு மடங்கு, உயரத்தில் இரண்டு மடங்கு, பெருக்கினால் நான்கு. ஆனால் ஒரு எழுத்தின் ஓரமோ ஒரு தலைமுடியோ எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்று கேட்டால் விடை இரண்டு மடங்குதான். அந்த இரண்டு மடங்கும் கண்ணுக்கு எட்ட வேண்டுமானால் டிவிக்குக் கிட்டத்தில் உட்கார வேண்டும்.

‘எச்டி ரெடி’ என்று விற்கிற 32 இஞ்ச் டிவிகளில் பெரும்பாலும் இருப்பது 1366க்கு 768 பேனல் (படம் காட்டுகிற திரை). அந்த அளவில் உண்மையான 4கே பேனல் போட்ட டிவி எதுவும் என் மேசைக்கு வந்ததில்லை. வந்ததெல்லாம் ‘4கே சப்போர்ட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியவை. அதன் அர்த்தம், 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், வாங்கி 768 வரிக்குச் சுருக்கிக் காட்டும் என்பதுதான். ஸ்டிக்கரில் பொய் இல்லை என்று கடைக்காரர் வாதாடலாம். வாங்குகிறவருக்கு அது தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

அடுத்தது தூரம். ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு கோணம், அதுதான் நல்ல பார்வை உள்ள கண் பிரித்துப் பார்க்கிற எல்லை. ஒரு மீட்டர் தள்ளியிருந்தால் கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர். இதை வைத்து யாரும் கணக்குப் போடலாம். 43 இஞ்ச் ஃபுல் எச்டி திரையின் உயரம் சுமார் 53 சென்டிமீட்டர். அதை 1080 வரியாகப் பிரித்தால் ஒரு வரி அரை மில்லிமீட்டர். ஐந்தரை, ஆறு அடிக்கு அப்பால் போய்விட்டால் அந்த வரிகளைக் கண் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. அதே 43 இஞ்சில் 4கே புள்ளிகளை முழுதாக அனுபவிக்க மூன்று அடிக்குள் உட்கார வேண்டும். 55 இஞ்ச் என்றாலும் மூன்றரை அடிதான். நம் பக்கத்து வீடுகளில் பட்டாசலின், அதாவது கூடத்தின், ஒரு கோடியில் டிவி, மறு கோடியில் தாத்தாவின் சாய்வு நாற்காலி. நடுவே பத்தடிக்குக் குறையாது. தார்சாவில் கால் நீட்டி உட்கார்ந்தபடி எட்டிப் பார்க்கிற ஆச்சிமார்களை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இந்த தூரக் கணக்கு புதிதும் அல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குப் பிறகு ஜப்பானின் என்எச்கே எச்டி ஆராய்ச்சியில் இறங்கியது. பார்க்கிறவர் திரையின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தள்ளி உட்காருவார் என்பதை வைத்தே எச்டியைத் திட்டமிட்டார்கள். 4கேவுக்கு அது ஒன்றரை மடங்கு.

சரி, ‘பழசே தேவலை’ என்கிறார்களே, அது பிரமையா? இல்லை, உண்மைதான். ‘பால்’ (PAL) என்ற நம் பழைய ஒளிபரப்பு முறையில் 625 வரி, அதில் படம் வருவது 576. 2006 முதல் அரசு கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவியில் இந்த 576 வரியும் சுமார் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடும். நாலைந்து அடி தள்ளி உட்கார்ந்தாலே படம் கூர்மையாகத் தெரியும். அதே 576 வரியை 43 இஞ்சில் விரித்தால் ஒரு வரி ஒரு மில்லிமீட்டரை நெருங்குகிறது. பத்தடிக்குள் இருக்கிற கண்ணுக்கு அதன் குறையெல்லாம் தெரியும். இடையில் இல்லாத புள்ளிகளை டிவி தானாக ஊகித்து நிரப்புகிறது. எவ்வளவு நல்ல டிவியாக இருந்தாலும் அது ஊகம்தான்.

4கே டிவியில் 576 வரி ஏன் ஓடுகிறது என்று கேட்பீர்கள். கட்டுரையாளர் தொடாமல் விட்டது இந்த இடம்தான். பாபநாசம் அணை நிரம்பிக் கிடந்தாலும் மடை திறந்த அளவுக்குத்தானே வயலுக்குத் தண்ணீர் வரும்? சேனல் அனுப்புவது, கேபிள்காரர் அனுப்புவது, செட்டாப் பாக்ஸ், பாக்ஸிலிருந்து டிவிக்குப் போகிற வயர், இவற்றில் எது குறைவோ அதுதான் படத்தின் அளவு. மற்றதெல்லாம் காசு கொடுத்து வாங்கிய அலங்காரம்.

நான் அதிகம் பார்ப்பது வயரில்தான். எச்டி பாக்ஸ் வைத்திருப்பார்கள், மாதாமாதம் எச்டிக்குப் பணமும் கட்டுவார்கள். பின்னால் எட்டிப் பார்த்தால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பின் வயர் சொருகியிருக்கும். மாட்ட வந்த பையன் கையில் அன்றைக்கு எச்டி படத்தைக் கொண்டுபோகிற எச்டிஎம்ஐ வயர் இருந்திருக்காது, அல்லது டிவி சுவரில் உயரமாக இருந்ததால் வயர் எட்டியிருக்காது. படத்தைக் கொண்டுபோகிற மஞ்சள் பின்னில் 576 வரிக்கு மேல் போகவே போகாது, அது அந்தக் காலத்து டிவிக்கு ஏற்பட்டது. எச்டிஎம்ஐ மாற்றியும் பலன் இல்லையென்றால் பாக்ஸின் மெனுவுக்குள் போய் வீடியோ அவுட்புட் என்ன என்று பாருங்கள். 576-லேயே விட்டு வைத்திருப்பார்கள். 1080 என்று மாற்றினால் போதும். கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டில் இதைச் செய்துவிட்டுக் கிளம்பினேன், மகன் வாங்கிக் கொடுத்த 55 இஞ்ச் டிவி அன்றுதான் வீட்டுக்கு வந்த மாதிரி அந்த அம்மா பேசினார்கள். நான் மாற்றியது ஒரு வயர்.

இன்னொன்று சேனல் நம்பர். ஒரே சேனலுக்கு சாதாரணப் படம் ஒரு நம்பர், எச்டி இன்னொரு நம்பர், விலையும் வேறு. 2019-ல் நடைமுறைக்கு வந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதியில், அடிப்படைக் கட்டணக் கணக்குக்கு ஒரு எச்டி சேனலை இரண்டு சாதாரண சேனலாகத்தான் எண்ணினார்கள். அவ்வளவும் கட்டிவிட்டு, விரல் பழகிய பழைய நம்பரையே அமுக்குகிற வீடுகள் நிறைய.

அப்புறம் 1080-லேயே இரண்டு வகை உண்டு, ஐ என்றும் பி என்றும். நம் எச்டி சேனல்கள் பெரும்பாலும் 1080 ஐ. முதலில் ஒற்றைப்படை வரிகள் மட்டும், அடுத்த ஐம்பதில் ஒரு நொடியில் இரட்டைப்படை வரிகள், இப்படி மாற்றி மாற்றி வரும். அசையாத படத்துக்கு இதனால் நஷ்டம் இல்லை. தாழையூத்துப் பக்கம் சங்கர் நகர் மைதானத்தில் நடக்கிற டிஎன்பிஎல் கிரிக்கெட் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதிக்கும் நடுவில் பந்து நகர்ந்துவிடும். இரண்டையும் ஒட்டுகிற வேலை டிவியினுடையது. நல்ல டிவி மெழுகிவிடும், மட்டமான டிவியில் பந்தின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரியும். அமெரிக்காவில் ஈஎஸ்பிஎன் சேனல் விளையாட்டுக்காகவே வரியைக் குறைத்து 720 பியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதில் ஒவ்வொரு முறையும் முழுப் படம் வருவதுதான்.

வரி எண்ணிக்கை சரியாக இருந்தும் படம் கெடுவதற்கு இன்னொரு காரணம், சுருக்கம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் என்ன மாறியது என்பதை முக்கியமாக அனுப்பித்தான் டிஜிட்டலில் இடத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். செய்தி வாசிப்பவர் உட்கார்ந்த இடத்தில் இருப்பதால் அவர் பளிச்சென்று வருவார். திருச்செந்தூர் சூரசம்ஹார நேரலையைப் பாருங்கள். கரையெல்லாம் தலைகள், பின்னால் அலை, எல்லாமே அசைகிறது. ஒதுக்கிய அளவு போதாமல் கூட்டம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். உடனே டிவியைத் தட்டுவார்கள். டிவி என்ன செய்யும்?

4கே டிவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 43 இஞ்சுக்கு மேலே இப்போது கடையில் அதுதான் அதிகம் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளலாம். எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் வசதி) உள்ள நல்ல பேனலாக இருந்தால் வெளிச்சமும் நிறமும் பத்தடியிலும் வித்தியாசம் தெரியும். அதற்குக் காசு கொடுக்கலாம். ஓடிடியில் படம் பார்க்கிறவர்களுக்கு 4கே வர வாய்ப்பும் உண்டு, நெட்ஃபிளிக்ஸ் அதற்கு நொடிக்கு 15 மெகாபிட் (எம்பிபிஎஸ்) இணைய வேகம் கேட்கிறது. கேபிள் சீரியலும் செய்தியும் மட்டும் ஓடுகிற வீட்டில் அந்தப் பணத்தை எச்டி பாக்ஸிலும் வயரிலும் போட்டால் பலன் கண்ணில் தெரியும். ஷோரூமில் ஓடுவது கம்பெனி கொடுத்த டெமோ படம். மயில், பூ, பழம் எல்லாம் எந்த டிவியிலும் அழகாகத்தான் இருக்கும். வாங்கப் போகிறவர்கள் சாதாரண கேபிள் சேனல் ஒன்றைப் போடச் சொல்லி, வீட்டில் உட்காருகிற தூரத்தில் நின்று பார்க்கட்டும்.

உங்களிடம் இரண்டு கோரிக்கை. 32 இஞ்ச் பற்றி எழுதியதற்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். உங்கள் பக்கங்களில் வரும் பண்டிகைக்கால டிவி விளம்பரங்களில் 4கே என்பது உள்ளங்கை அகலத்தில் இருக்கிறது, பேனலின் புள்ளிக் கணக்கைத் தேடினால் இல்லை. 1366க்கு 768 என்றோ 3840க்கு 2160 என்றோ விலைக்குப் பக்கத்தில் போடச் சொல்லி விளம்பரதாரரிடம் நீங்கள் கேட்கலாம். கட்டுரையாளருக்குச் சந்தேகம் இருந்தால் ஒரு நடை என் கடைக்கு வரட்டும். ஒரே டிவியில் மஞ்சள் பின்னையும் எச்டிஎம்ஐயையும் மாற்றி மாற்றிச் சொருகிக் காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை கிடையாது.

இப்படிக்கு,
டிவி மெக்கானிக் ஒருவர்,
அம்பாசமுத்திரம்.