ஐயா, அந்த மண்ணில் பிழை இல்லை

ஸ்காபரோ
யூன் 24

அன்புள்ள ஐயாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ இப்போது எப்படி என்று எழுதுங்கள்.

சின்னம்மா வீட்டுக்கு வந்து மனவருத்தப்பட்டதாகப் போனில் சொன்னீங்கள். அவவின் மகன், நம்ம தம்பி, ஏஜாக்ஸ் நகரில் வாங்கின புதுவீட்டில் போட்ட தோட்டம் முழுக்கப் பட்டுப்போய்விட்டது, கனடா மண்ணில் ஒன்றும் விளையாது என்று அவன் தாயிடம் சொல்லியிருக்கிறான். "அந்த மண்ணில் அப்படி என்ன குறை?" என்று கேட்டீங்கள். போன ஞாயிறு அவனுடைய வளவைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். புதிதாகத் தோட்டம் தொடங்குகிற நம்மவர்கள் கனபேருக்கு இங்கே நடக்கிறதுதான் அவனுக்கும் நடந்திருக்கிறது.

இங்கே புதுக் குடியிருப்புக் கட்டும்போது மேல்மண்ணை முதலிலேயே வழித்து எடுத்துவிடுவார்கள். பிறகு பாரமான வாகனங்கள் மாதக்கணக்காக ஓடி, அடியில் கிடக்கிற களிமண் இறுகிப்போகும். வீடு முடிந்ததும் மேலே கொஞ்ச மண்ணைப் பரப்பி, சுருளாக வருகிற புல்லை விரித்துவிட்டால் பார்வைக்குப் பச்சைப்பசேல் என்று இருக்கும். தம்பி அந்தப் புல்லை வெட்டி எடுத்துவிட்டு, நம்மூர்க் கோண்டாவில் செம்மண்ணில் நடுகிற மாதிரியே குழி தோண்டி நட்டிருக்கிறான். மழை பெய்தால் அந்தக் குழியில் தண்ணீர் வடியாமல் நின்று வேர் அழுகும். ஒரு கிழமை வெயில் எறித்தால் அதே களிமண் வெடித்துப்போகும்.

அதற்கு வழி இருக்கிறது ஐயா. பலகையால் சட்டம் அடித்து, ஒரு அடி உயரத்துக்குப் பாத்தி கட்டி, கடையில் 'ட்ரிப்பிள் மிக்ஸ்' என்று விற்கிற கலவை மண்ணையும் மாட்டெருவையும் நிரப்பினால் முதல் வருடமே பயிர் வரும். நான் அதோடு இன்னொன்றும் செய்கிறேன். இலையுதிர் காலத்தில் அயலவர்கள் மேப்பிள் இலைகளைக் கூட்டி, பைகளில் கட்டித் தெருவோரம் வைப்பார்கள். கேட்டு வாங்கி வந்து பாத்திகளின்மேல் கொட்டிவிடுவேன். ஸ்னோவுக்குக் கீழே கிடந்து ஊறி, வசந்தத்தில் அரைவாசி உக்கிப்போயிருக்கும். இப்போது என் வளவில் எங்கே கொத்தினாலும் மண்புழு. பாத்திக்குள் கால் வைக்காதே என்று எங்களைப் பேசுவீங்களே, ஈரக் களிமண்ணுக்கு அந்தச் சொல் இன்னும் பொருந்தும்.

ஆனால் மண்ணைவிடப் பெரிய காரணம் காலம். ஊரில் தண்ணீர் இருந்தால் பயிர் இருக்கிறது. இங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை, சூட்டுக்குத்தான் பஞ்சம். ஏப்ரலில் நாலு நாள் நல்ல வெயில் எறிக்கும். ஏழு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த சனத்துக்குக் கை பரபரக்கும், கடைக்காரரும் அதற்குள்ளேயே தக்காளிக் கன்றை வாசலில் அடுக்கிவிடுவார்கள். மே நடுப்பகுதி வரைக்கும் ஒரு இரவு உறைபனி விழக்கூடும், விழுந்தால் விடியக் கன்று கறுத்துப்போயிருக்கும். அதனால் இங்குள்ளவர்கள் விக்ரோறியா தினத்துக்காகப் பார்த்திருப்பார்கள். மே 25க்கு முன்வருகிற திங்கட்கிழமை அது. கத்தரிக்கும் வெண்டிக்கும் அதுவும் போதாது. இரவுச் சூடு 10 பாகைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தால் அவை வளராமல் அப்படியே நிற்கும். தம்பி பயித்தை விதையை ஏப்ரலிலேயே ஊன்றிவிட்டு, விதை சொத்தை என்கிறான். விதை நல்லதுதான், குளிர்ந்த ஈர மண்ணில் கிடந்து அழுகிவிட்டது. அந்த நேரத்தில் பட்டாணி, ஸ்பினாச், லெட்டஸ் போட்டிருந்தால் சந்தோஷமாக வந்திருக்கும். அவை குளிரை விரும்புகிற பயிர்கள்.

மிளகாய், கத்தரி நாற்றுகளை மார்ச்சிலேயே வீட்டுக்குள் போடவேணும், எட்டுப் பத்துக் கிழமை எடுக்கும். யன்னலோர வெளிச்சம் போதாமல் நாற்று நூல்போல நீண்டு சரிந்துவிடும், அதனால் விளக்குப் பூட்டி ஒரு நாளைக்கு 14 மணித்தியாலமாவது எரியவிடவேணும். தண்ணீர் கூடினால் அடித்தண்டு அழுகும். இவ்வளவு பாடுபட்டு வளர்த்ததைத் தம்பி ஒரே நாளில் உச்சி வெயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டான், பின்னேரம் இலையெல்லாம் வெள்ளை. முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு என்று ஒரு கிழமை, பத்து நாள் பழக்கித்தான் வெளியே விடவேணும்.

பாத்தி போட்ட இடமும் சரியில்லை. இந்த நாட்டில் நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வராது, கோடையிலும் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். வீட்டுக்கு வடக்கே சுவரோரமாகப் போட்டால் பாதிநாள் நிழல். காய் காய்க்கிற பயிருக்கு ஆறு மணித்தியால வெயிலாவது விழவேணும்.

அடுத்தது உங்களுக்குப் புதினமாக இருக்கும். இப்போது இங்கே பகல் 15 மணித்தியாலத்துக்கும் மேலே. ஊரிலிருந்து வந்த அவரை விதையைப் போட்டால் கொடி வேலியை மூடி வளரும், ஆனால் ஒரு பூ பூக்காது. பகல் குறுகினால்தான் அது பூவெடுக்கும். செப்டெம்பரில் பூத்து, பிஞ்சு முற்றுவதற்குள் ஒக்ரோபர் உறைபனி வந்துவிடும். நம்மவர்கள் பசளை போதவில்லை என்று நினைத்து இன்னும் இன்னும் போடுவார்கள், இலைதான் கூடும். வெங்காயத்துக்கு இதுவே மறுவளம். நம் பக்கத்து இனங்கள் 12 மணித்தியாலப் பகலுக்கே குமிழ் கட்டுகிறவை. இங்கே நட்டால் தாள் வளர முதலே குமிழ் கட்டிச் சிறுத்துவிடும். அதனால் நீண்ட பகலுக்கென்று இருக்கிற இனத்தைக் கேட்டு வாங்கவேணும். பயித்தங்காய்க்கும் பாகலுக்கும் இந்தத் தொல்லை இல்லை, சூடு கிடைத்தால் பந்தல் நிறையும்.

பூச்சிக்கு மருந்து அடிக்கச் சொல்லிச் சின்னம்மா சொன்னாவாம். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2009ஆம் ஆண்டிலிருந்து வீட்டு வளவுகளில் அந்த இரசாயன மருந்துகளில் பலவற்றை அடிக்கவே கூடாது என்று சட்டம். அது நல்ல சட்டம் என்றுதான் நான் நினைக்கிறேன், பிள்ளைகள் ஓடித் திரிகிற இடம். கத்தரியில் மஞ்சளும் கறுப்புமாய் வரி போட்ட வண்டு வரும். காலையில் இலைக்கு அடியில் பார்த்து, செம்மஞ்சள் முட்டைகளை நசுக்கி, வண்டைச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டால் அடங்கிவிடும். அணிலுக்கும் முயலுக்கும் கம்பிவலை ஒன்றுதான் வழி.

இந்த வருடம் இன்னும் முடிந்துபோகவில்லை. தண்டுக்கீரையும் செடி போஞ்சியும் இப்போது போட்டாலும் ஓகஸ்டில் கறிக்கு ஆகும். ஓகஸ்ட் நடுவில் முள்ளங்கியும் கொத்தமல்லியும் போடலாம். ஒக்ரோபரில் உள்ளிப்பூடு ஊன்றச் சொல்லியிருக்கிறேன். அது ஸ்னோவுக்குக் கீழே கிடந்து, வசந்தத்தில் முளைத்து, யூலையில் கிண்டலாம். சின்னம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். விதை ஒன்றும் தபாலில் அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லுங்கள், இங்கே கட்டுப்பாடு இருக்கிறது. நல்ல கன்றுகள் மே மாதம் ஸ்காபரோத் தமிழ்க் கடைகளிலேயே கிடைக்கும்.

நீங்களும் ஒரு உதவி செய்யவேணும் ஐயா. வருகிற ஞாயிறு அவனுக்கு ஒருக்கால் போன் எடுத்து, கீரை போட்டாச்சா என்று மட்டும் கேளுங்கள். நான் சொன்னால் தலையாட்டுவான், நீங்கள் கேட்டால் மண்வெட்டியை எடுப்பான்.

அன்பு மகள்