தம்பிக்காக ஓடித்திரிந்த எல்லோருக்கும்

அன்பான ஊரவர்களுக்கு,

தம்பியின் ஆட்டைத் திவசம் போன கிழமை முடிந்தது. பத்திரிகையில் போடுகிற நாலு வரி நன்றி நவிலல் காணாது என்று அம்மா சொன்னதால் இந்த மடல்.

விமானம் ஓட்டப் பழக வெளிநாடு போனவன், பயிற்றுநரோடு சின்னப் பயிற்சி விமானத்தில் விழுந்து இறந்தான் என்ற செய்தி வந்த நேரம் வீட்டில் ஒருவருக்கும் தலை வேலை செய்யவில்லை. கொழும்பில் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிப் பத்திரங்களைச் சரிசெய்த கிண்ணியா நண்பர், கட்டுநாயக்காவிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாகச் சாமத்தில் பெட்டியைக் கொண்டுவந்துவிட்டுக் கூலி வாங்காமல் போன தம்புள்ளைச் சாரதி, அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு தந்த உவர்மலை அயலவர்கள், கன்னியாவில் அந்தியேட்டிக்குக் கூட நின்றவர்கள் எல்லோருக்கும் நன்றி.

அடுத்த நன்றி பாலையூற்று ஐயாவுக்கு. விமானத் திருத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர்.

"பழகிற பெடியன்தானே, பிழை விட்டிருப்பான்" என்ற கதை செத்தவீட்டிலேயே அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. விசாரணை அறிக்கை வந்தபோது அதை எங்களுக்கு விளங்கப்படுத்த ஐயா பின்னேரங்களில் வந்து இருந்தார். விமானத்தின் மூக்கை மேலே தூக்குவது வாலில் இருக்கும் எலிவேட்டர். ஓட்டுபவரின் கைப்பிடியை அதோடு இணைப்பது இரும்புக் கேபிள். கப்பியில் வளைகிற இடத்தில் அதன் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் தரையிறங்கப் போகும் நேரம் மிச்சமும் அறுந்திருக்கிறது.

ஐயா ஒருநாள் பழைய கேபிள் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். சுண்டுவிரலை விட மெல்லியது. 7 புரி, புரிக்கு 19 கம்பி, மொத்தம் 133. அதன்மேல் ஒரு பருத்தித் துணியைப் பிடித்து இழுத்தார். ஓரிடத்தில் துணி கொளுவியது. "இப்பிடித்தான் பாக்கிறது அம்மா. கொளுவினால் கம்பி அறுந்திருக்கு. கப்பிக்குள்ள மறைஞ்ச இடத்தைக் கேபிளை நகர்த்தித்தான் பாக்கவேணும். அதிலதான் பஞ்சிப்படுவாங்கள்." அம்மா துணியை வாங்கித் தானும் இழுத்துப் பார்த்தார்.

பெரிய விமானத்திலும் இப்படி நடக்குமோ என்று அம்மா கேட்க, அலாஸ்கா எயர்லைன்ஸ் 261 என்ற பயணிகள் விமானத்தைப் பற்றி ஐயா சொன்னார். வாலின் கிடைச் சிறகை அசைக்கும் திருகாணிக்குப் போதிய கிறீஸ் போடாமல் அதன் நட்டின் திருகுப் புரி தேய்ந்து போக, 2000 ஜனவரி 31 அன்று கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் கடலில் விழுந்து 88 பேரும் இறந்தார்கள். அந்த விமானிகளும் கடைசிவரை மல்லுக்கட்டினவர்கள்தான்.

எங்கள் அறிக்கையிலும் ஒரு வரி இருக்கிறது. ட்ரிம் சக்கரம், அதாவது மூக்கு ஏறி இறங்குவதைச் சரிப்படுத்த ஓட்டுபவர் கையால் சுற்றும் சில்லு, மூக்கைத் தூக்கும் பக்கம் முழுக்கச் சுற்றப்பட்டிருந்ததாம். கேபிள் அறுந்தாலும் அதை வைத்து ஓரளவு சமாளிக்கலாம், உயரம்தான் போதாமல் போயிருக்கிறது என்றார் ஐயா. சுற்றிய கை யாருடையது என்று தெரியாது. ஆனால் அந்த வரியை வாசித்த பிறகுதான் அம்மா நித்திரை கொள்ளத் தொடங்கினார்.

விசாரணை செய்தவர்களுக்கும் நன்றி. யாரிலும் குற்றம் சுமத்துவது அவர்கள் வேலையில்லை, இன்னொரு விபத்தைத் தடுப்பதுதான் என்று சர்வதேச விதியே சொல்கிறது. அப்படியிருந்தும் அக்கா எழுதிய கடிதங்களுக்கெல்லாம் பதில் போட்டார்கள். பயிற்சிப் பள்ளியைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதவில்லை. அது சட்டத்தரணியின் அலுவல்.

ஐயா தமிழில் குறிப்பெழுதிய அறிக்கைப் பிரதி வீட்டில் இருக்கிறது. வாசிக்க விரும்புகிறவர்கள் பின்னேரங்களில் வாருங்கள். கதை சொன்னவர்களும் வரலாம், பிளேன்டீ தருவோம்.

இப்படிக்கு,
அண்ணனும் குடும்பத்தினரும்
உவர்மலை, திருகோணமலை