வேடந்தாங்கலில் பறவைகளை எண்ணுகிறோம், தண்ணீரையும் அளக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வேடந்தாங்கலில் சீசன் தொடங்கினால் பறவைகள் வந்த செய்தி தவறாமல் உங்கள் நாளிதழில் வந்துவிடுகிறது. கூழைக்கடா எவ்வளவு, நத்தைகுத்தி நாரை எவ்வளவு, போன வருடத்தைவிடக் கூடுதலா குறைவா என்று படிக்கிறோம். மதுராந்தகம் வட்டத்திலேயே குடியிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது சந்தோஷமான செய்திதான். ஆனால் அந்தப் பறவைகள் நிற்கிற தண்ணீர் எப்படி இருக்கிறது, பத்து வருடத்துக்கு முன் இருந்ததற்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு செய்தியைக்கூட நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு கணக்கு மக்கள் கண்ணில் படும்படி எங்கேயும் எழுதி வைக்கப்பட்டிருப்பதாகவும் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

இந்த ஏரி காப்பாற்றப்பட்டதே தண்ணீருக்காக. சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள சாதாரணப் பாசன ஏரி இது. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன, எச்சம் தண்ணீரில் விழுகிறது, அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது. அதில் பயிர் செழித்து வளர்வதை ஆயக்கட்டு (ஏரிப் பாசன நில) விவசாயிகள் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அதனால்தான் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸ் பறவைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு கொடுத்தார். 1858-ல் அது மறுபடியும் உறுதி செய்யப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல். அதற்கு நூற்றெழுபது வருடங்களுக்கும் மேலாகத் தங்கள் ஏரித் தண்ணீரின் தரம் தெரிந்து அதற்காகக் கலெக்டர் வரை போன ஊர் இது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. இவ்வளவு பெயர் பெற்ற ஏரியின் தண்ணீர்க் கணக்கு இன்று ஊருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

தண்ணீரை அவ்வப்போது பரிசோதிக்கத்தானே செய்வார்கள் என்று சிலர் கேட்கலாம். சரி, பரிசோதிக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எந்த அளவுகோலில்? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளைப் பயன்பாட்டின்படி வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. வனவிலங்குக்கும் மீன்வளர்ப்புக்கும் உரியது 'டி' வகுப்பு. அதற்குக் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 6.5-லிருந்து 8.5-க்குள் இருக்க வேண்டும், அமோனியா 1.2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அவ்வளவுதான். பாஸ்பரஸ் இதில் இல்லை. பூச்சிமருந்து இல்லை. கன உலோகம் இல்லை. ஒரு ஏரி வருடா வருடம் இந்த மூன்றிலும் தேறிக்கொண்டே மெல்ல மெல்லக் கெட்டுப்போக முடியும்.

வேடந்தாங்கலுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மற்ற ஏரிகளில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கூடினால் சாக்கடையோ உரமோ கலந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். இங்கே பறவை எச்சத்தாலேயே அவை இயல்பாகக் கூடுதலாக இருக்கும். ஆயிரக்கணக்கான பறவைகள் மாதக்கணக்கில் தங்கும் ஏரியில் அப்படித்தான் இருக்க முடியும். ஆகவே ஒரு நாள் எடுத்த ஒரு பாட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு இது பறவை போட்டதா, மேலேயிருந்து வந்து கலந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. பறவைகள் வருவதற்கு முன்பு எவ்வளவு இருந்தது, கூடு கட்டும் காலத்தில் எவ்வளவு ஏறியது, கோடையில் தண்ணீர் வற்றும்போது எவ்வளவு இறுகியது, அடுத்த மழையில் எவ்வளவு இறங்கியது என்று பல வருடக் கணக்கு கையில் இருந்தால்தான் வெளியிலிருந்து வந்த பங்கு தனியாகத் தெரியும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது போன்ற வருடங்களையும் அந்தக் கணக்கு கண்டிருக்க வேண்டும். நம் ஏரிகளில் ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையிலேயே அத்தனை மாற்றம் உண்டு.

எந்த நேரத்தில் தண்ணீர் எடுக்கிறோம் என்பதும் முக்கியம். பாசி அதிகமாக உள்ள ஏரியில் பகலில் பாசியே ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அந்தப் பாசியும் மற்ற உயிர்களும் சேர்ந்து அதைத் தீர்த்துவிடும். விடியற்காலையில்தான் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். இப்படிப்பட்ட ஏரிகளில் மீன்கள் செத்து மிதப்பது பெரும்பாலும் விடியலில் தெரிவது இதனால்தான். பகல் பதினொரு மணிக்கு எடுத்த தண்ணீரில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அறிக்கை வந்துவிடும். அது பொய் அறிக்கை அல்ல, ஆனால் ஏரியின் கஷ்டம் அதில் தெரியாது.

தொடர்ந்து அளந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அமெரிக்காவின் டாஹோ ஏரியைச் சொல்வார்கள். டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 1968-லிருந்து ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, அது கண்ணுக்கு மறைகிற ஆழத்தைக் குறித்து வருகிறார்கள். 1968-ல் சராசரி சுமார் 31 மீட்டர். 2017-ல் சுமார் 18 மீட்டர். ஒரு வருடம் நன்றாக இருக்கும், அடுத்த வருடம் மோசமாக இருக்கும், நடுவில் கொஞ்சம் தேறும். இரண்டு மூன்று வருடத்தை மட்டும் பார்த்தவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அரை நூற்றாண்டுக் கணக்கு இருந்ததால்தான் சரிவு தெரிந்தது, சாலைகளிலிருந்தும் கட்டடப் பகுதிகளிலிருந்தும் மழைநீரோடு வரும் நுண்ணிய மண்துகள் ஒரு முக்கியக் காரணம் என்று கண்டுபிடிக்கவும் முடிந்தது. அப்புறம் சியாட்டில் நகரத்தை ஒட்டிய வாஷிங்டன் ஏரி. அங்கே 1960-களில் கழிவுநீரை ஏரியில் விடாமல் திருப்பினார்கள், சில வருடங்களிலேயே தண்ணீர் தெளிந்தது. முன்பே அளந்து வைத்திருந்ததால் தெளிந்ததையும் எண்களால் காட்ட முடிந்தது. அவை ஆழமான ஏரிகள், நம்முடையது ஆழமில்லாத, கலங்கலான ஏரி. அந்த எண்களை இங்கே ஒப்பிட முடியாது. விடாமல் அளக்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இனி ஏரிக்கு வெளியே வருகிறேன். 1998 அறிவிக்கையில் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று வைத்தார்கள். 2020-ல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்க வனத்துறையிலிருந்தே ஒரு யோசனை கிளம்பி, பெரிய எதிர்ப்பு எழுந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே சமயத்தில் அந்த எல்லைக்குள் இருக்கும் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் விரிவாக்கமும் பேசப்பட்டது. ஏரி மட்டும் பத்திரமாக இருந்தால் போதாதா, சுற்றியுள்ள வயல்களெல்லாம் எதற்கு என்று அப்போது சிலர் கேட்டார்கள். நத்தைகுத்தி நாரை ஏரியில் கூடு கட்டுகிறது, ஆனால் நத்தை தேடுவது நெல்வயலில். வயலில் தெளித்த மருந்து நத்தைக்குள் போய், நாரைக்குள் போய், கூட்டிலிருக்கும் குஞ்சுக்கும் போகும். மழைநீர் அந்த வயல்களிலும் சாலைகளிலும் தொழிற்சாலை வளாகங்களின் ஓரத்திலும் ஓடிவந்துதான் வரத்துக் கால்வாயில் சேர்கிறது. கரையை மட்டும் வேலி போட்டுக் காத்தால் ஏரி காக்கப்பட்டதாகாது.

எந்தத் தொழிற்சாலையின் மீதும் நான் குற்றம் சாட்டவில்லை. குற்றம் சாட்டவோ குற்றமில்லை என்று சொல்லவோ அளவீடு வேண்டும் என்பதுதான் என் பேச்சு. ஹைதராபாத் அருகே பட்டன்செருவில், பல மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் சிப்ரோபிளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாக 2007-ல் வெளியான ஆய்வு சொன்னது. அது சுத்திகரித்த பிறகு வந்த தண்ணீர். வழக்கமான பரிசோதனைகள் மருந்து எச்சத்தைத் தேடுவதே இல்லை. தேடாததால் கண்ணில் படுவதும் இல்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்ற வலி மருந்து பிணத்தில் தங்கி, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளை இந்தியா முழுக்கப் பெருமளவு அழித்த பிறகுதான் 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தோம். பறவைகள் விஷயத்தில் தாமதமாகத் தெரிந்துகொள்வதற்கு எவ்வளவு விலை என்று நமக்குத் தெரியும்.

சட்டத்தில் குறையில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-வது பிரிவு, சரணாலயத்துக்குள் வரும் நீரையோ வெளியே போகும் நீரையோ அனுமதியில்லாமல் திருப்பவும் தடுக்கவும் கூடாது என்கிறது. ராம்சர் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடு, பட்டியலில் உள்ள ஈரநிலத்தின் சூழலியல் தன்மை மாசினாலோ மனிதத் தலையீட்டினாலோ மாறினால், மாறப்போகிறது என்று தெரிந்தால்கூட, தெரிவிக்க வேண்டும். முன்பு எப்படி இருந்தது என்ற பதிவில்லாமல் மாறியதை யார் எப்படித் தெரிவிப்பார்கள்?

நான் கேட்பது பெரிய திட்டமல்ல. வரத்துக் கால்வாய் ஏரியில் சேரும் இடம், ஏரியின் நடுப்பகுதி, மதகு என்று இடங்களை ஒருமுறை முடிவு செய்து, மாதந்தோறும் அதே இடங்களில் அதே நேரத்தில், விடியற்காலையையும் சேர்த்து, அளக்க வேண்டும். நீர்மட்டம், கலங்கல், ஆக்சிஜன், நைட்ரேட், பாஸ்பேட் ஆகியவற்றை மாதாமாதம் பார்க்கலாம். வருடத்துக்கு ஒருமுறையாவது ஏரிச் சேற்றை எடுத்துப் பூச்சிமருந்து, கன உலோகம், மருந்து எச்சம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பல நஞ்சுகள் தண்ணீரில் தெரியாமல் சேற்றில்தான் தங்கும். தூர் வாருவதாக இருந்தாலும் இந்தச் சேற்றுக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் கரிக்கிலி ஏரிகளிலும் இதையே செய்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. ஆய்வகத்தில் பார்க்க வேண்டியதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் கல்லூரிகளும் பார்க்கட்டும். நீர்மட்டமும் கலங்கலும் குறிக்க ஆயக்கட்டு விவசாயிகளுக்கும் எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

கிடைத்த எண்களை நல்லதோ கெட்டதோ அப்படியே வெளியிட வேண்டும். பார்வையாளர்கள் வரும் வாசலில் ஒரு பலகை, வனத்துறை இணையதளத்தில் ஒரு பக்கம், உங்கள் நாளிதழில் பறவைச் செய்திக்குக் கீழே நான்கு வரி. அதிகாரிகள் மாறுவார்கள், ஆட்சிகள் மாறும், ஊரார் கண்ணெதிரே எழுதப்படும் கணக்கை நடுவில் நிறுத்துவது சுலபமல்ல. இந்த ஐப்பசி மழைக்கு முன்பே முதல் அளவை எடுத்துவிட வேண்டும் என்று வனத்துறையையும் மாவட்ட ஆட்சியரையும் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். புது வெள்ளம் கால்வாயில் இறங்கிவிட்டால் இந்த வருடத்தின் தொடக்க அளவு நமக்குக் கிடைக்காது.

இப்படிக்கு,
வாசகர்,
மதுராந்தகம் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்.